நீ மறைக்கச் சொன்ன உன் தங்கை

என் மகனே,

சென்ற ஞாயிறு மாலை நீ பெங்களூரிலிருந்து அலைபேசியில் கேட்டதற்கு நான் உடனே விடை சொல்லவில்லை. எதிரணியின் கேள்வி முடியுமுன்பே மறுமொழியைத் தொடங்கிவிடுகிறவள் என்று மேடைகளில் பெயரெடுத்த உன் தாய், "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். நீ கேட்டது மிகச் சிறியது என்றாய். உன் திருமணத்துக்கு முந்திய நாளும் திருமண நாளும் உன் தங்கையைக் கெங்கவல்லியில் உன் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் மண்டபத்துக்கு வர வேண்டும். எவரேனும் வினவினால், அவள் சித்தியின் பேத்தி, சில காலம் நம் வீட்டில் வளர்ந்தவள் என்று சொல்ல வேண்டும். "ரெண்டே நாள்தானம்மா. அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியப் போவுது?" என்றாய். நீ அழைப்பைத் துண்டித்த பின்னும் அலைபேசி என் கையிலேயே இருந்தது. அடுத்த அறையில் அவள், உன் திருமணத்துக்கென்று வாங்கிய பட்டுப்பாவாடையை உடுத்திக்கொண்டு, அது எவ்வளவு சுற்றுகிறது என்று சுழன்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைத் தனி உறையிலிட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உன் பெயரையோ, அவள் பெயரையோ, நீ மணக்கவிருக்கும் பெண்ணின் பெயரையோ நான் இங்கே எழுதவுமில்லை. ஆயினும் இது அச்சில் வரட்டும் என்றே எழுதுகிறேன். எண்ணாமல் வந்த ஒரு கருவை எதிர்கொள்ளத் தெரியாமல் சிதைந்தது நம் வீடு மட்டுமன்று. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே எத்தனையோ வீடுகளில் இதே துயரம் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறது. மணமாகாத பெண்ணின் வீட்டில் ஒரு வகையாக, கைக்குழந்தை பால் மறக்குமுன் அடுத்தது உண்டான வீட்டில் வேறொரு வகையாக, பேரப்பிள்ளை எடுக்க வேண்டிய அகவையில் கருவுற்ற என் போன்றவள் வீட்டில் இன்னொரு வகையாக அது நேர்கிறது. எல்லா வீட்டிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: வெளியே யாருக்குத் தெரியும்? சுமக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி கடைசியாகக்கூட எழுவதில்லை.

அப்போது எனக்கு அகவை நாற்பத்தைந்து. உனக்கு இருபத்தைந்து. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு பெண்ணை உனக்குப் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று. எனக்கோ ஓராண்டாக மாதவிலக்கு ஒழுங்கு தப்பியிருந்தது. இனி அந்தத் தொல்லை இல்லை என்று நானும் எண்ணினேன், உன் தந்தையும் எண்ணினார். கருத்தடை பற்றிய நினைப்பே எங்களுக்கு அற்றுப்போயிற்று. முன்னொரு காலத்தில் நான் அவரை அறுவை செய்துகொள்ளச் சொன்னதுண்டு. "ஆம்பளைக்கு எதுக்குப் புள்ள அது? பட்டறையில பாரந் தூக்கறவன், ஒடம்பு போயிருச்சுன்னா?" என்றார். லாரிகளுக்குக் கூடு கட்டும் நம் பட்டறையில் அவரோடு வேலை செய்த அனைவரும் அப்படியே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு எதிராக ஊரூராகப் பேசிய நான், வீட்டில் அவரோடு அதைப் பேசி வெல்லவில்லை.

உடல் பருத்தது. தலை சுற்றியது. பள்ளியில் உடன் பணியாற்றியவர்கள், பட்டிமன்றக்காரர்கள் போடும் விருந்து என்று நகையாடினார்கள். கடைசியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெண் மருத்துவரிடம் தனியாகவே போனேன். அவர் வயிற்றைப் படமெடுத்துப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"டீச்சர், இது பீரியட் நிக்கிற பிரச்சன இல்ல. கொழந்த. நாலு மாசம் தாண்டியிருச்சு."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். அசைவு தெரியலையா?"

"வாயுன்னு நெனச்சேனுங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றளவும் அவருக்கு நான் கடன்பட்டவள். "வேண்டாம்னு நெனச்சீங்கன்னா சட்டம் எடம் குடுக்குது. ஆனா கொஞ்ச நாள்தான் பாக்கி இருக்கு. பிரஷர் இப்பவே அதிகம். வெச்சுக்கிட்டாலும் ஆபத்து, கலைச்சாலும் கவனமாச் செய்யணும். முடிவு உங்களோடது. உங்க கையெழுத்து ஒண்ணு போதும். வீட்டுக்காரர் கையெழுத்துகூட வேண்டியதில்ல" என்றார்.

நான் மகிழவில்லை, மகனே. தாய் என்றாலே உள்ளம் பூரிக்கும் என்று பாடுகிறவர்கள் பாடட்டும். எனக்கு வந்தது சினம். என் உடலின் மேல் சினம், உன் தந்தையின் மேல் சினம், நாற்பத்தைந்து அகவை வரை உழைத்துத் தேடிய என் மேடை கைநழுவப் போகிறதே என்ற சினம். அந்தக் கருவை நான் விரும்பவில்லை. விரும்பாமல் கருவுற்றவள் கொடியவள் அல்லள். அவளுக்கு வேண்டியது கொஞ்சம் நேரம், ஒரு நேர்மையான மருத்துவர், உடன் நிற்க ஓர் ஆள். முதலிரண்டும் எனக்கு அன்று கிடைத்திருந்தன.

மூன்றாவதைத் தேடித்தான் வீட்டுக்கு வந்தேன். நம் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளை என்பது ஒரு பெருமை. ஒன்றோடு நிறுத்திக்கொண்ட வீடு என்றால் தோட்டம் துண்டாகாது. பெண் கொடுக்க வருகிறவர்களுக்கு அதுவே முதல் தகுதி. உனக்குப் பெண் பேசிய தரகர் அந்த வீட்டில் உன் படிப்பைச் சொல்லவில்லை, பண்பைச் சொல்லவில்லை. "ஒத்தப் பையனுங்க. பங்காளியே கெடையாது. தோட்டம், பட்டறை, ஊடு அத்தனையும் இவருக்கேதானுங்க" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கு எதிராகத்தான் என் வயிற்றில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை நம் வீட்டுக் கூடத்தில் கூடியவர்கள் நால்வர்: உன் தந்தை, உன் பெரியப்பா, நீ, நான். பேசியவர்கள் மூவர். நீ தலை குனிந்து, "அம்மா, இந்த வயசுல... வெளிய தெரிஞ்சா நான் எப்படித் தலை காட்டறது?" என்றாய். உன் தந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் முடிவு சொன்னார். "கலைச்சிரலாம். ஆனா சேலத்துல வேண்டாம், நாமக்கல்லுலயும் வேண்டாம். இவளத் தெரியாத ஆளு ஆரு இருக்கறாங்க? மூஞ்சிய மூடுனாலும் கொரல வெச்சே கண்டுபுடிச்சிருவாங்க. வெளியூர்ல பாக்கலாம்." எனக்கும் அது வேண்டியதாகவே இருந்தது. கலைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளையே ஃபேர்லேண்ட்ஸ் மருத்துவரிடம் போகலாம் என்றுதான் சொன்னேன். அதை எவரும் கேட்கவில்லை. நம் குடும்பம் செய்த பிழை அங்கே தொடங்கிற்று. ஊருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினோம். ஓடிய வழியிலேயே காலம் கரைந்தது.

முதலில் மைசூரில் பெரியப்பாவின் நண்பருக்குத் தெரிந்த மருத்துவமனை. அங்கே குருதி அழுத்தத்தைக் கண்டு அஞ்சி, மருந்து தந்து, குறைந்த பின் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்து வேறோர் ஊர். அங்கே மருத்துவர் விடுப்பில் இருந்தார். போகுமிடமெல்லாம் "நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கறேன்" என்றார் பெரியப்பா. மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார். பெரியப்பா விடை சொன்னார். எத்தனையாவது மாதம், என்ன நோய், என்ன விருப்பம், எல்லாம் அவரே சொன்னார். ஆயிரம்பேர் முன்னிலையில் முழங்கிய தொண்டை, தன் வயிற்றைப் பற்றித் தானே சொல்ல இசைவு பெறாமல் மருத்துவமனை நாற்காலிகளில் அடைத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் இடத்தில் இளம்பெண் மருத்துவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, சட்டம் வகுத்த காலம் கடந்துவிட்டது, இனி எவரும் தொடக்கூடாது, தொட்டால் உங்கள் உயிருக்கே உறுதியில்லை என்றார். திரும்பும் வழியெல்லாம் உள்ளே அவள் உதைத்துக்கொண்டே வந்தாள்.

பிறகு நடந்தவற்றை நீ அறிவாய். ஆயினும் நீ அறிந்தது உன் பக்கம். திருச்செங்கோட்டிலிருந்து பெண்ணின் தந்தை வந்தார். நான் கொடுத்த காப்பியைத் தொடாமல் உன் தந்தையிடம் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒத்தப் பையன்னு சொல்லித்தானுங்க பேசுனது. இப்ப ஒரு பங்கு குறையுதுங்களே. அதுவும் பொறக்கறது பையனாப் போயிருச்சுன்னா? எம் புள்ள ஊட்டுக்கு வந்ததும் மாமியாருக்குப் பிரசவம் பாக்கறதுங்களா?" என்றார். அவர் போன பின், உன் அறை வாயிலில் நின்று நீ என்னிடம் கேட்டாய்: "இந்த வயசுல உங்களுக்கு வெக்கமா இல்லையா?" அதற்கும் அன்று நான் விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வெட்கம் இருந்தது. எனக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

வயிறு தெரியத் தொடங்கிய பின் ஒரே ஒரு மேடை ஏறினேன். ராசிபுரத்துப் பட்டிமன்றம். எதிரணிக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அம்மையார் இன்று இருவராக வந்து எங்களை எதிர்க்கிறார், நடுவர் அவர்கள் எங்களுக்கும் ஓர் ஆளைக் கூடுதலாகத் தர வேண்டும்" என்றார். பந்தல் சிரித்தது. நடுவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், மகனே. சிரித்துவிட்டு என் பங்கைப் பேசி முடித்தேன். மறு வாரத்திலிருந்து அழைப்புகள் நின்றன. "ஒடம்பப் பாத்துக்கங்கம்மா. இந்த வருசம் எளசா ஒருத்தர வெச்சுப் பாக்கலாம்னு கமிட்டில சொல்றாங்க" என்று விழாக்குழுவினர் பணிவாகச் சொன்னார்கள். உன் தந்தைக்குப் பட்டறையில் வேறு வகையான பணிவு கிடைத்தது. "ஏனுங்ணா, பழைய சேசிஸ்ல புது பாடி ஏத்திட்டீங்களாட்ட இருக்குது!" என்று ஒருவன் கூவ, பற்றவைப்புப் பொறிகளுக்கு நடுவே எல்லாரும் கைகொட்டினார்களாம். அவர் அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. அன்றிலிருந்து பட்டறையில் எவரோடும் அமர்ந்து உண்ணவில்லை.

மகப்பேறு குறித்த நாளுக்கு முன்னரே வந்தது. குருதி அழுத்தம் ஏறி, கண் இருண்டு, வலிப்பு வந்து, நினைவற்ற என்னை அறுத்துத்தான் அவளை எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். என் சிறுநீரகம் அன்று பட்ட அடியிலிருந்து இன்னும் மீளவில்லை. நான் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் எதற்கு என்று நீ ஒருமுறை கேட்டாயே, அதற்குத்தான். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பசித்து அழுதால் பால் கொடுத்தேன். மற்ற நேரம் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஒலியில் அழுதேன். நாள் முழுதும் யாரோ என் மார்பின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொற்களை விற்றுப் பிழைத்தவளுக்கு இதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஒரு முற்பகல், அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, வீட்டைவிட்டு நடந்தேன். நீ மாடியில் இருந்தாய். திருமணம் முறிந்த பின் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, என்னோடு பேசுவதை அறவே நிறுத்தியிருந்த காலம் அது. பேருந்து ஏறினேன். ஆத்தூரில் இறங்கித் தம்மம்பட்டிப் பேருந்தில் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு எவருமில்லை. அதனால்தான் அந்த ஊரைத் தேர்ந்தேன் போலும். மலைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என் தோளைத் தொட்டாள். "ஏம்மா, பால் கட்டி ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு பாரு. கொழந்த எங்க?" என்றாள். "வீட்டுல" என்றேன். "யாருகிட்ட வுட்டுட்டு வந்த?" நான் முந்தானையை இழுத்து மார்பை மூடினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடத்துநரை நோக்கி, "அண்ணே, வண்டிய நிறுத்து! இந்தம்மா எறங்கணும்" என்று கத்தினாள். என்னையும் இறக்கி, தானும் இறங்கி, எதிரே வந்த பேருந்தில் என்னை ஏற்றிவிட்ட பின்னரே அவள் போனாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அழுகுரல் கேட்கவில்லை. கூடத்தின் தரையில் நீ மல்லாந்து படுத்திருந்தாய். உன் மார்பின் மேல் அவள் குப்புற உறங்கிக்கொண்டிருந்தாள். உன் சட்டையின் பொத்தான் அவள் வாய்க்குள் இருந்தது. பக்கத்தில் பால்மாவு டப்பா கவிழ்ந்து, தரையெங்கும் வெண்மையாகச் சிதறியிருந்தது. நீ அசையாமல் கண்ணை மட்டும் திருப்பி, "மாவு தீந்து போச்சு. வாங்கிட்டு வரணும்" என்றாய். அத்தனை மாதங்களுக்குப் பின் நீ என்னிடம் பேசிய முதற்பேச்சு அது. எங்கே போனேன் என்று அன்றும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. உன் தந்தையிடமும் சொல்லவில்லை. மறுநாள் நான் ஃபேர்லேண்ட்ஸ் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகப்பேற்றுக்குப் பின் வரும் உளச்சோர்வு அது, நோய், மருந்துண்டு, முன்னமே வந்திருக்கலாம் என்றார். மருந்து உண்டேன். மெல்ல மெல்ல அவள் முகம் எனக்குத் தெரியத் தொடங்கிற்று. என் அன்பு அவளோடு பிறக்கவில்லை. பிந்தித்தான் வந்தது. ஆனால் அந்த நாளில் அவளை உயிரோடு வைத்திருந்தவன் நீ. என்மேல் எத்தனை வெறுப்பு இருந்தபோதும், அவள் அழுத குரலுக்கு நீ மாடியிலிருந்து இறங்கி வந்தாய். அந்த மகனுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இனி உன் தந்தையைப் பற்றி. அவர் அவளை அன்பில்லாமல் வளர்க்கவில்லை. வீட்டுக்குள் அவளைத் தோளிலிருந்து இறக்கமாட்டார். வெளியே மட்டும் அவர் வேறு ஆள். பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் "பேத்திங்களா?" என்று கேட்டதற்கு ஒருநாள் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். அது எளிதாக இருந்தது. அடுத்து மளிகைக் கடையில் சொன்னார். பிறகு, அவளுக்குப் பேச்சு வந்தபோது, தம்மை "அப்பாரு" என்று அழைக்கக் கற்றுக்கொடுத்தார். தந்தையின் தந்தையை நாம் அழைக்கும் அந்தச் சொல்லால், தன்னைப் பெற்றவரை ஒரு குழந்தை அழைத்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டொரு முறை சண்டையிட்டேன். "உடு புள்ள, கேக்கறவனுக்கெல்லாம் வெளக்கஞ் சொல்லிட்டு இருக்க முடியுமா? பெருசானா அதுவே புரிஞ்சுக்கும்" என்றார். பெரியவளாகும் வரை அவர் இருக்கவில்லை. சென்ற ஆண்டு பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், மூன்றாம் நாள் திரும்பிவிட்டாய். அதற்குப் பின் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, எல்லாருக்கும் அப்பா இருக்கறாங்க. எனக்கு ஏன் அப்பாரு மட்டும் இருந்தாரு?"

அவரே உன் அப்பா என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அப்பா என்றால் அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். இறந்தவர்மேல் பழி போட மனமின்றி அவளை மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டேன். சிரிப்புக்கு அஞ்சிச் சொன்ன ஒரு பொய், ஒரு பெண்குழந்தையிடமிருந்து தந்தையைப் பறித்துவிட்டது. இனி அவர் வந்து திருத்தவும் இயலாது.

நீ ஒருத்தியோடு வாழப் போகிறாய். ஆகவே சொல்கிறேன். கரு வேண்டுமா வேண்டாமா, எப்போது வேண்டும் என்பதை மணமான முதல் வாரத்திலேயே அவளோடு வாய்விட்டுப் பேசு. தடுப்பது அவள் வேலை என்று இருந்துவிடாதே. உன் உடலுக்கும் அதில் பங்குண்டு, உன் தந்தை நம்பியதைப்போல் அதனால் எவனுக்கும் வலிமை குன்றுவதில்லை. எண்ணாமல் ஒன்று வந்துவிட்டால் வேறு எவரிடமும் போகுமுன் அவளிடம் கேள். அவள் அழுதால் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திரு. மருந்துக்கடையில் திருட்டுத்தனமாக மாத்திரை வாங்கி வந்து அவள் கையில் திணிக்காதே. அறியாமல் விழுங்கிய மாத்திரையால் குருதி வடிந்து செத்தவர்களை நான் அறிவேன். பக்கத்து ஊர் மருத்துவரிடம் பகலில் கூட்டிப்போ. மருத்துவர் கேட்பதற்கு அவளே விடை சொல்லட்டும். பெற்றெடுக்க முடிவு செய்தாலும், வேண்டாமென முடிவு செய்தாலும், அதற்குப் பின் வரும் மாதங்களில் அவள் கண்ணைப் பார். குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் ஓடினால் கதவைத் தட்டு. இவற்றில் ஒன்றேனும் எனக்குக் கிடைத்திருந்தால் நான் வேறு ஒருத்தியாக இருந்திருப்பேன். உன் தங்கைக்கும் வேறொரு தொடக்கம் வாய்த்திருக்கும்.

உனக்கு முப்பது கடந்துவிட்டது. பெண் கிடைப்பது இந்நாளில் எத்தனை அரிது என்பதையும், இந்த இடம் கைநழுவினால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் நீ அஞ்சுவதையும் நான் அறிவேன். அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் நீ அறியாத ஒன்று வியாழக்கிழமை நடந்தது. நீ மணக்கவிருக்கும் பெண்ணின் தாய் நம் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். நல்ல பெண்மணி, கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"ஏனுங்க, கேக்கறனேன்னு கோவிச்சுக்கக் கூடாது. உங்க ஊட்டுல ஒரு புள்ள இருக்குதாமா. செத்துப்போன உங்க ஊட்டுக்காரர அப்பாருன்னு கூப்புட்டுட்டு இருந்துதாமா. எங்க ஊர்ல ரெண்டு பேரு சொன்னாங்க. அப்பாருன்னா... அது உங்க பையனுக்குப் பொறந்ததுங்களா? கண்ணாலத்துக்கு முந்தியே எங்கியோ பெத்துக்கிட்டு, நீங்க வெச்சு வளத்தறீங்களா?"

தம் மானத்தைக் காக்க உன் தந்தை சொன்ன பொய், ஊர் சுற்றிவிட்டு, உன்னையே ஒரு பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டவனாக ஆக்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. சித்தியின் பேத்தி என்ற நீ சொல்லிக்கொடுத்த விடை என் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். நம்பியிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

"இல்லீங்க. அவ எம் புள்ளைங்க. நாப்பத்தஞ்சு வயசுல நான் பெத்தது. எம் பையனுக்கு ஒடம்பொறந்தவ. அவரு அவளுக்கு அப்பனுங்க, அப்பாரு இல்ல. கூச்சத்துல அப்படிக் கூப்பிட வெச்சாரு. வேணுமுன்னா ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரம்மாவக் கேளுங்க, சொல்லச் சொல்லி நானே சொல்றேன்."

அவர் நெடுமூச்சு விட்டார். முகம் தெளிந்தது. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, எழுந்து வாயில்வரை போனவர், திரும்பி நின்றார்.

"அப்பத் தோட்டத்துல பங்கு கேக்குமுங்களா?"

"கேக்கட்டுமுங்க. அவ பங்குதானே."

"ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க" என்று போனார். இந்த மடல் எழுதும் வரை அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வரலாம். வராமலும் போகலாம். முதற்பெண் போன வழியில் இவளும் போனால் நீ என்னை வெறுப்பாய். அதைத் தாங்கும் உடலும் உள்ளமும் எனக்கு இனிமேல் போதிய அளவு இல்லை. ஆயினும் சொன்னதை நான் திரும்பப் பெறமாட்டேன்.

ஆகவே நீ கேட்டதற்கு என் விடை இது. திருமணம் நடந்தால் நான் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் முன்வாயில் வழியாக வருவேன். நம் திருமணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் அவனருகே நின்று, கூறைச்சேலையின் ஒரு முனையைத் தன் கையில் ஏந்தி இணைச்சீர் செய்வது வழக்கம். உடன்பிறந்தாள் இல்லாதவனுக்குத்தான் ஒன்றுவிட்டவளைத் தேடுவார்கள். நீ பெரியப்பா மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உனக்கு உடன்பிறந்தாள் இருக்கிறாள். அவளுக்கு அந்த இடம் இல்லையென்றால் எனக்கும் அந்த மண்டபத்தில் இடமில்லை. நான் வீட்டிலேயே அவளோடு இருந்துகொள்வேன்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்கிறேன். அவள் வரக்கூடாது என்றே நீ முடிவு செய்தால், அதை அவளிடம் நான் சொல்லமாட்டேன். உன் தந்தை அவளுக்கு யார் என்பதில் ஒரு பொய்யை என் வீட்டில் வளரவிட்டவள் நான். நீ அவளுக்கு யார் என்பதில் இன்னொன்றை வளரவிட என்னால் ஆகாது. நீயே சொல். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே எழுதி அனுப்பாதே. இது அச்சில் வந்த மறுநாள் காலை அவள் பல் விளக்கி, பால் குடித்து முடித்ததும் உன் எண்ணை அழுத்தி அலைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். "அண்ணா, நாங்க எப்ப வரணும்?" என்று கேட்பாள். அதை மட்டும்தான் கேட்பாள். விடை சொல்.

உன் அம்மா